உண்ணல் கோளாற்றைக் கடந்தவர் எடையைக் குறைக்க விரும்பினால்: தொடங்கும் முறையும் நிறுத்தும் இடமும்

அனொரெக்சியா (எடை கூடுமென்று அஞ்சிப் பட்டினி கிடத்தல்), புலிமியா (பெருமளவு உண்டுவிட்டு வாந்தி, பேதி போன்றவற்றால் அதை ஈடுசெய்தல்), கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்ணும் கோளாறு ஆகியவற்றில் ஒன்றிலிருந்து மீண்ட ஒருவருக்கு, சில ஆண்டுகள் கழித்து எடையைக் குறைக்க வேண்டிய உண்மையான தேவை ஏற்படலாம். இரத்தத்தில் சீனி கூடியிருக்கும், முழங்கால் நோகும், அல்லது பிரஷருக்கு மாத்திரை தொடங்கியிருப்பார்கள். அப்போது கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொல்வார்கள்: சோற்றைக் குறையுங்கள், இராச் சாப்பாட்டைக் கைவிடுங்கள், கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு இவை வெறும் அறிவுரைகள். பட்டினியோடும் குற்றவுணர்வோடும் பல ஆண்டுகளைக் கழித்த ஒருவரை இதே மூன்றும் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடக்கூடும்.

ஆகவே இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் நேரம் தவறாமல் உண்ணும் ஒழுங்கு உறுதியாக வேண்டும். அதன் பின்னரே தட்டில் உள்ளவற்றை மாற்றலாம். எடை என்பது அந்த மாற்றங்களின் பின்னால் வந்தால் வரட்டும் என்று விடப்பட வேண்டும். ஒழுங்கைக் குலைத்துக் குறைத்த எடை இரண்டு வகையில் கேடு செய்யும்: பழைய நோயைக் கிளப்பும், இறங்கிய எடையும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இங்கே கலோரிக் கணக்கோ, இத்தனை கிலோ என்ற இலக்கோ தரப்படவில்லை. அது மறதியால் நேர்ந்ததன்று. இந்த நோய் எண்களைப் பிடித்துக்கொண்டு வளர்வது என்பதால் வேண்டுமென்றே விடப்பட்டது.

தொடங்கலாமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மீட்சியின்போது ஏறிய எடையையே பலர் குறைக்க முற்படுகிறார்கள். அந்த எடையில் பெரும்பகுதி நோய் அல்ல, சிகிச்சையின் பலன். அனொரெக்சியாவிலிருந்து மீள்பவர்களுக்கு முதலில் வயிற்றையும் இடுப்பையும் சுற்றியே கொழுப்புச் சேர்வது வழக்கம். சிலருக்குக் காலும் முகமும் நீர் கோத்து வீங்கும். போதிய உணவைத் தொடர்ந்து உண்டு வந்தால் நீர் வடிந்துவிடும். வயிற்றில் சேர்ந்த கொழுப்பும் ஓராண்டளவில் உடல் முழுவதும் பரவிச் சமநிலைக்கு வருவது பெரும்பாலும் காணப்படுகிறது. இடையில் புகுந்து உணவைக் குறைப்பவர் உடலைத் திரும்பவும் முதற்படிக்குத் தள்ளுகிறார்.

இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் அன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வு உதவும். உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள், போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் நோக்கில், தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப் பட்டினி இருந்தார்கள். அவர்களில் எவருக்கும் முன்பு உண்ணல் கோளாறு இருந்ததில்லை. ஆனாலும் நாள் முழுதும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையற் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்த பின்னரும் பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. பழைய எடையைத் தாண்டி ஏறிப் பின்னரே மெல்ல இறங்கினார்கள். மீண்ட பிறகு அடங்காத பசியும் கூடிய எடையும் உங்கள் மனவுறுதியின் குறையல்ல என்பதை இந்த ஆய்வு போல வேறெதுவும் தெளிவாகக் காட்டியதில்லை என்பது என் எண்ணம். பட்டினி கிடந்த எந்த உடலும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

எனவே, பின்வரும் நிலைகளில் இருப்பவர்கள் இப்போது தொடங்க வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் ஆகியோர் தொடங்கக் கூடாது. மாதவிடாய் இன்னும் ஒழுங்காகாதவர்களும், வாந்தியெடுத்தல், பேதி மாத்திரை, வேளை தவறவிடல், கட்டுமீறி உண்ணல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கடந்த ஓராண்டில் திரும்பி வந்தவர்களும் பொறுத்திருக்க வேண்டும். அனொரெக்சியா இருந்தவர்கள், வைத்தியர் வெளிப்படையான உடல்நலக் காரணம் ஒன்றைக் காட்டினாலன்றி, இந்த எண்ணத்தையே ஒத்திவைப்பது நல்லது. கண்ணாடியும் பழைய சட்டையும் காரணங்கள் ஆகா. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதந்தான் இருக்கிறது என்பதும் காரணம் ஆகாது.

இன்னுமொரு சோதனையும் உண்டு. எடை சிறிதும் குறையாமல், ஆனால் சீனியும் பிரஷரும் நல்ல அளவுக்கு வந்துவிட்டால் உங்களுக்குப் போதுமா என்று உங்களையே கேளுங்கள். போதும் என்று மனம் சொன்னால் தொடங்கலாம். அந்தக் கேள்வியே எரிச்சலைத் தந்தால், முதலில் போக வேண்டிய இடம் மனநலக் கிளினிக்தான்.

வைத்தியரிடம் என்ன சொல்வது

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும், அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும், மற்ற ஆதார வைத்தியசாலைகளிலும் காலை நேரத்து நெரிசலை அறியாதவர் இங்கே இல்லை. வைத்தியருக்கு உங்கள் முன் கதையைக் கேட்க நேரமிருக்காது. உங்களுக்கும், பின்னால் நிற்பவர் காதில் விழ, அதைச் சொல்ல மனம் வராது. அதனால் முதல் நாளே ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். இப்படி எழுதலாம்: "எனக்கு முன்பு உண்ணல் கோளாறு இருந்து சிகிச்சை பெற்றேன். உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் அறிவுரை எனக்கு ஆபத்தானது. எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். எந்தப் பரிசோதனை முடிவு சீராக வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்." வைத்தியர் வாசிக்க அரை நிமிடம் போதும். இதைப் பார்த்து எரிச்சல்படும் வைத்தியரும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த கிளினிக் நாளில் வேறொருவரைக் காண முயலுங்கள்.

தாளின் கடைசி வரிதான் முக்கியமானது. எடையைக் குறையுங்கள் என்பது பெரும்பாலும் வேறொன்றுக்கான சுருக்கு வழி. வைத்தியருக்கு உண்மையில் வேண்டியது சீனியின் அளவோ, கொழுப்பின் அளவோ, ஈரலில் படிந்த கொழுப்போ, பிரஷரோ சீராவது. அவற்றில் பலவற்றை எடையில் பெரிய மாற்றமில்லாமலே ஓரளவு சீராக்க முடியும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் ஏறும் சீனியைத் தணிக்கும். தசைக்கு வேலை கொடுத்தால் அது இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும். நல்ல உறக்கமும், புகையையும் மதுவையும் விடுவதும், மருந்தை ஒழுங்காக எடுப்பதும் தம் பங்கைச் செய்யும். இலக்கைத் தராசிலிருந்து இரத்தப் பரிசோதனைக்கு மாற்றிக்கொண்டால் நோய்க்குப் பிடிமானம் பாதி குறையும்.

அதே நாளில் பொற்றாசியம் முதலான உப்புகள், தைரொய்ட், இரத்தச்சோகை ஆகியவற்றைப் பரிசோதிக்கலாமா என்றும், இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி ஒன்று எடுக்கலாமா என்றும் கேளுங்கள். வாந்தியெடுத்த வரலாறு உள்ளவர்களுக்குப் பொற்றாசியம் குறைந்திருந்தால் இதயத் துடிப்பே குழம்பும். வெளியே எதுவும் தெரியாது. நீங்கள் எடுக்கும் மருந்துகளையும் காட்டுங்கள். ஒலன்சபின், மேர்ட்டாசபின் போன்ற மனநல மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்து உண்டா என்று எழுதித் தந்த வைத்தியரையே கேட்க வேண்டும். எடை குறைக்கவும் புகைப்பழக்கத்தை விடவும் சில நாடுகளில் தரப்படும் புப்ரோபியன் என்ற மருந்து, அனொரெக்சியா அல்லது புலிமியா இருந்தவர்களுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் விலக்கப்பட்டது. ஓர்லிஸ்டற் என்ற மருந்தை வாங்கிப் பேதிக்காகத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆகவே எந்த மருந்தானாலும் உங்கள் வரலாறு தெரிந்த வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் எடைக்கு அஞ்சி ஓர் ஊசியைக் கூடத் தவறவிடக் கூடாது. அது சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

தராசைப் பற்றி ஒன்று. வீட்டில் தராசு இருந்தால் அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கிளினிக்கில் நிறுக்கும்போது முகத்தை மறுபுறம் திருப்பி நின்றுகொண்டு, எண்ணைக் கொப்பியில் மட்டும் எழுதச் சொல்லித் தாதியிடம் கேட்கலாம். கொப்பியைத் திறந்து பார்க்கும் ஆசை இருந்தால் வேறொரு தாளில் எழுதி வைத்தியரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் நிறுப்பதால் எவருக்கும் பயனில்லை. ஒரு நாளுக்குள்ளேயே உப்பும் தண்ணீரும் மாதவிடாயும் எடையை ஏற்றி இறக்கும்.

நேரத்துக்கு உண்ணுதல்

உண்ணல் கோளாறுகளுக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையை) வளர்த்தெடுத்த ஒக்ஸ்போர்ட் மனநல வைத்தியர் கிறிஸ்டோபர் பெயார்பேர்ன், சிகிச்சையின் அத்திவாரமாக வைத்தது ஒழுங்கான உணவு வேளைகளைத்தான். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை. எடையைக் குறைக்க முனைபவர்களுக்கும் இதுவே முதல் வேலை. புதிதாக எதையும் செய்வதற்கு முன்னர், குறைந்தது இரண்டு மாதமாவது இந்த ஒழுங்கு தவறாமல் நடக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்தில் இந்த ஒழுங்கு எங்கே குலைகிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணிக்குத்தான். களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு பால்தேநீர். இடைவேளையில் கொப்பி திருத்தல். இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டு, மட்டக்களப்பு கல்முனை வீதியில் வெயிலில் நின்று, வீடு வந்து சேர மூன்று. பசி வந்து அடங்கியும் போயிற்று. "இன்றைக்கு நல்லாக் கட்டுப்பாடாக இருந்துவிட்டேன்" என்ற ஒரு சின்ன மகிழ்ச்சியும் உள்ளே இருக்கிறது. நான்கு மணிக்கு அந்தத் தெரிந்த இசையோடு பாண் விற்கும் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்புகிறது. கண்ணாடிக்குப் பின்னால் சீனிப் பணிஸ், மாலுப்பணிஸ், கிம்புலா. ஒன்று வாங்கப் போனவர் ஐந்து வாங்குகிறார், பிள்ளைகளுக்கு என்று. பிள்ளைகள் ரியூசனிலிருந்து வருமுன் பை வெறுமையாகிவிடுகிறது. இரவில் குற்றவுணர்வு, அதனால் இராச் சாப்பாடு இல்லை. மறுநாட் காலை திரும்பவும் ஒரு பால்தேநீர்.

இதில் குற்றவாளி பணிஸ் அல்ல, காலையில் சாப்பிடாத பிட்டு. ஓட்டோவை விரட்டுவதாலோ, பணிஸ் இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சபதம் செய்வதாலோ இது தீராது. சபதம் உடைகிற நாளில் நிலைமை இன்னும் மோசமாகும். காலையில் வீட்டிலிருந்து இரண்டு இடியப்பமோ பிட்டோ பருப்போடு, அல்லது பாணும் முட்டையும். இடைவேளையில் அவித்த கடலையோ கௌபியோ ஒரு வாழைப்பழமோ. மதியச் சோற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய் ஒன்றரை மணிக்கு முன் உண்பது. இப்படி உண்டவர் நான்கு மணிக்கு ஓட்டோவை மறித்து ஒரு பணிஸ் வாங்கித் தேநீரோடு தின்னலாம். தின்றுவிட்டு இரவும் சாப்பிடலாம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் நம்ப மாட்டார்கள். பணிஸ் தின்ற அன்றும் இராச் சாப்பாட்டை வழக்கம்போல உண்ண முடிகிறவரைக்கும், எடை குறைக்கும் எந்த முயற்சிக்கும் நீங்கள் ஆயத்தமாகவில்லை.

வயலிலும் கடலிலும் வேலை செய்யும் வீடுகளில் நேரங்கள் வேறுபடும். அதிகாலையில் கரைக்குப் போகிறவருக்குக் காலைச் சாப்பாடு பத்து மணிக்கு வரலாம். அவருக்கு விழித்தவுடன் எதையாவது உண்ணும் ஒழுங்கு வேண்டும். மணி எதுவாயினும் இடைவெளியே கவனிக்க வேண்டியது.

தட்டில் சேர்ப்பவை

ஒழுங்கு நிலைத்த பின்னர், ஒரு வேளையில் ஒரு மாற்றம் என்று தொடங்குங்கள். நீக்குவதைப் பற்றி யோசிக்காமல் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பதே பாதுகாப்பானது. மீன், முட்டை, பருப்பு, பயறு, தயிர் என்பவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்குமானால் பசி நீண்ட நேரம் அடங்கி நிற்கும். மட்டக்களப்பு வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது வசதியான காரியம். விலை கூடிய பாரையும் இறாலும் தான் வேண்டும் என்றில்லை. சூடையும் கீரியும் மலிவானவை, நல்ல கொழுப்பும் உள்ளவை.

மதியத் தட்டைப் பார்ப்போம். பல வீடுகளில் சோறு மலைபோல நடுவில் இருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு மீனும் கரண்டியளவு கறியும். இதில் சோற்றை அளந்து பாதியாக்கு என்பது பழைய நோய் பேசும் மொழி. முதலில் முருங்கை இலை அல்லது பொன்னாங்காணிச் சுண்டலையும், கத்தரி, புடோல், வெண்டி என்று ஒரு மரக்கறியையும், பருப்பையும் மீனையும் தாராளமாகப் போட்டுவிட்டு, மீதி இடத்துக்குச் சோற்றைப் போடுங்கள். முதற் சில நாட்கள் சோறு போதவில்லை என்று தோன்றினால் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடுங்கள். தீட்டாத சிவப்பரிசி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இருக்கிற அரிசியே போதும்.

தேங்காய்ப்பாலை விலக்கச் சொல்லும் அறிவுரை நிறையக் கேட்கக் கிடைக்கும். என் பார்வையில், வீட்டுச் சமையலையே எதிரியாக்கும் எந்த அறிவுரையும் இந்த வரலாறு உள்ளவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அடுத்த படியாக அவர் வீட்டாரோடு ஒரே பானையில் உண்பதையே நிறுத்திவிடுவார். தனிச் சட்டி வைப்பது இந்த நோய் திரும்புவதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கொழுப்பு கூடியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னால், குழம்பைச் சற்று ஐதாக வைத்து வீட்டில் எல்லோரும் அதையே உண்ணலாம். சீனியும் அப்படித்தான். நாளுக்கு ஆறேழு தேநீர் குடிக்கும் வீடுகளில், ஒவ்வொன்றிலும் போடும் சீனியை மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து வருவது ஒருவருக்கும் தெரியாமலே நடந்துவிடும். ஆனால் எருமைத் தயிருக்குத் தேன் வேண்டாம், தொதல் வேண்டாம், பிறந்தநாள் கேக் வேண்டாம் என்று ஒரு தடைப்பட்டியல் உருவாகத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

விரதமும் நோன்பும்

இதைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகளில் காண்பது அரிது. ஆனால் நம்மிடையே நோய் ஒளிந்துகொள்ள இதைவிட மதிப்பான இடம் வேறில்லை. புரட்டாதி, ஐப்பசி மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நவராத்திரி ஒன்பது நாள், அதைத் தொட்டு இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம், தீபாவளி கழிந்ததும் ஆறு நாள் கந்தசஷ்டி. எல்லாவற்றையும் பிடிப்பவர் ஐந்து வாரங்களுக்கு மேலாக ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கலாம். அவரை வீட்டில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை, பக்திமான் என்று பாராட்டுவதற்குத்தான் ஆள் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் ரமழான் மாதத்திலும், கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்திலும் இதே சிக்கல் வரக்கூடும்.

விரதம் பிடிக்கும் எண்ணத்தோடு எடை குறையும் என்ற எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் அறிய முடியாது. வருமானால் அந்த ஆண்டு உபவாசத்தை விட்டு, மரக்கறி உண்டு, கோயிலுக்குப் போய், காப்பு மட்டும் கட்டிக்கொள்ளலாம். குருக்களிடமோ பெரியவர்களிடமோ உடல்நலக் காரணம் என்று சொன்னால் போதும், விரிவாக விளக்க வேண்டியதில்லை. இஸ்லாத்தில் நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை தெளிவாகவே உண்டு. உங்கள் வைத்தியர் சொன்னதை நம்பிக்கையான மௌலவி ஒருவரிடம் கூறி, பின்னர் நோற்பதா, பரிகாரம் கொடுப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியர் சம்மதித்து நோன்பு நோற்பவர், விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவை ஒருபோதும் தவறவிடாமலும், நோன்பு திறந்தபின் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் இரவுச் சாப்பாட்டையும் உண்டும் ஒழுங்கைக் காக்க வேண்டும்.

நடை, வெயில், ஓய்வு

உடற்பயிற்சி நல்லது, உண்டதற்குத் தண்டனையாகச் செய்யும் பயிற்சி நோய். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய வழி, ஒரு நாள் வேண்டுமென்றே விட்டுப் பார்ப்பது. மனம் பதறினால், அன்றைய சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றினால், அது தண்டனைதான். கிழமையில் இரண்டு நாளாவது ஓய்வு நாட்களாக முன்கூட்டியே குறித்து வையுங்கள். கல்லடிக் கடற்கரையிலோ, காந்திப் பூங்காவின் வாவிக்கரையிலோ, திருக்கோவில் பக்கத்து மணலிலோ, ஊர்க் குளக்கட்டிலோ இன்னொருவரோடு பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். அடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தையும் செயலியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

மே தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்குப் பின் நடப்பது அறிவீனம். பேதி மாத்திரையோ வாந்தியோ நீண்ட காலம் இருந்தவரின் உடல் நீரிழப்பைத் தாங்காது. தலைசுற்றினால் நிழலில் அமர்ந்து தண்ணீரும் ஏதாவது உணவும் எடுக்க வேண்டும். மாரி மழைக் காலத்தில் வெளியே போக முடியாத வாரங்கள் வரும். வீதியில் தனியாக நடப்பதைச் சங்கடமாக உணரும் பெண்களும் இருக்கிறார்கள். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து அமர்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே செய்யலாம். பட்டினிக் காலத்தில் எலும்பு மெலிந்தவர்கள் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் முன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

சொந்தக்காரரின் வாய்

"என்ன புள்ள, நல்லா உடம்பு வெச்சிட்டாய்" என்று வாசலில் வைத்தே சொல்லும் மாமியை மாற்ற முடியாது. அவர் அன்பாகத்தான் சொல்கிறார்; அதுவே சிக்கல். அதற்கு ஒரே விடையை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள்: "ஓம் மாமி, இப்ப சுகமா இருக்கன். நீங்க எப்பிடி?" இதில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, பேச்சும் அவர் பக்கம் திரும்பிவிடும். இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத்துப் பாராட்டு. "மெலிஞ்சு வடிவா வந்திட்டாய், என்ன செய்தாய்?" என்பது நோய்க்கு ஊட்டப்படும் தீனி. எடை சற்று இறங்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருங்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த நம்பிக்கையான ஒருவர் இல்லாமல் இம்முயற்சியைத் தொடங்கக் கூடாது. கணவரோ, அக்காவோ, கூடப் படித்தவரோ, உளவளத்துணையாளரோ, பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரோ யாராகவும் இருக்கலாம். உங்கள் தட்டைக் காவல் காப்பது அவர் வேலையல்ல. நீங்கள் வேளை தவறுகிறீர்கள், தனியே உண்கிறீர்கள், சாப்பிட்ட உடனே எழுந்து போகிறீர்கள் என்று கண்டால் தயங்காமல் சொல்வதற்கு முன்கூட்டியே உரிமை பெற்றவர் அவர்.

மெலிய வைக்கும் தேநீர், பவுடர், மாத்திரை என்று வட்ஸ்அப்பிலும் அழகுநிலையங்களிலும் விற்பவற்றைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அத்தகைய தேநீர்கள் பலவற்றில் இருப்பது நிலாவாரை, அதாவது பேதிமருந்து. அது நீரைத்தான் இறக்கும், கொழுப்பை அல்ல. மூலிகை என்று விற்கப்பட்ட மாத்திரைகளில், இதயத்துக்குக் கேடு என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வாங்காதீர்கள்.

நிறுத்த வேண்டிய இடம்

நிறுத்தும் நிபந்தனைகளைத் தொடங்கும் நாளிலேயே எழுதி, ஒரு பிரதியை அந்த நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். நோய் திரும்பும்போது அது உங்கள் குரலிலேயே, நியாயமாகவே பேசும். அப்போது புதிதாக முடிவெடுக்க உங்களால் இயலாது. ஒரு கிழமைக்குள் இரண்டு முறை வேளை தவறினால், ஒரு முறையேனும் வாந்தியெடுத்தால் அல்லது பேதி மாத்திரை எடுத்தால், மாதவிடாய் தவறினால், உணவைப் பற்றிப் பொய் சொல்ல நேர்ந்தால், கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடினால் எடை பற்றிய முயற்சி அன்றோடு நிற்க வேண்டும். மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் சிற்றுணவுக்கும் திரும்பிவிட்டு, மனநலக் கிளினிக்குக்குப் போகும் நாளைக் குறியுங்கள். எடை எதிர்பார்த்ததைவிட விரைவாக இறங்குவதும் நிறுத்துவதற்குரிய காரணமே, அதைக் கேட்டு மனம் குளிர்ந்தால் இன்னும் விரைவாக நிறுத்த வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நெஞ்சு நோவு என்றால் கிளினிக் நாள் வரை காத்திராமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். இரவில் மனம் தாங்காமல், உயிரை விடும் எண்ணம் வரைக்கும் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் பேசலாம்.

இவை எதுவும் நேராமல் மூன்று மாதம் கழிந்தால், தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைகளை வைத்தியரின் ஆலோசனையோடு திரும்ப எடுத்துப் பாருங்கள். சீனியோ கொழுப்போ சீராகி, எடை அசையவேயில்லை என்றால் முயற்சி பலித்துவிட்டது. அதற்குமேல் எதையும் இறுக்க வேண்டாம், நடப்பதையும் நேரத்துக்கு உண்பதையும் தொடருங்கள். இரண்டும் மாறவில்லை என்றால், அடுத்ததாகக் குறைக்க வேண்டியது உங்கள் சாப்பாடு அல்ல. மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்பது அன்றைக்கு வைத்தியரோடு பேச வேண்டிய விடயம்.